வலையமைப்புத் தரவு மாதிரிகளில் கலைச்சொல் ஒருமை

வலையமைப்புத் தரவு மாதிரி என்பது ரூட்டர், சுவிட்ச் முதலிய கருவிகளில் எவற்றை அமைக்கலாம், எவற்றைப் படித்தறியலாம் என்பதைக் கணினி கையாளத்தக்க வடிவில் வரையறுக்கும் விவரிப்பாகும். இம்மாதிரிகளை எழுதுவதற்கென இணையப் பொறியியல் பணிக்குழு உருவாக்கிய யாங் மொழி 2010-இல் ஆர்.எஃப்.சி. 6020 என்னும் ஆவணமாகவும், அதன் 1.1 பதிப்பு 2016-இல் ஆர்.எஃப்.சி. 7950 ஆகவும் வெளிவந்தன. மாதிரியை எழுதுவோர், கருவியில் அதைச் செயற்படுத்துவோர், மேலாண்மை மென்பொருள் படைப்போர் ஆகியோர் பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனத்தினர் என்பதால், ஆவணத்தின் சொற்களே இவர்களுக்கிடையிலான உடன்படிக்கையாக அமைகின்றன.

இவ்வுடன்படிக்கையைப் பேண எளிய வழக்கம் ஒன்று உண்டு. ஓர் ஆவணம் புதிய சொற்களை வரையறுத்தாலோ பிற ஆவணங்களிலிருந்து எடுத்தாண்டாலோ அதில் கலைச்சொல் பகுதி கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று, யாங் மாதிரி எழுதுவோருக்கான வழிகாட்டியாக 2018-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8407 விதித்தது. ஏற்கெனவே வேறிடத்தில் வரையறுக்கப்பட்ட சொல்லை மறுபடி விளக்காமல் மூல ஆவணத்தைச் சுட்டுவதே மரபு. ஒரே சொல்லுக்கு இரு விளக்கங்கள் தோன்றினால், காலப்போக்கில் அவை விலகிச் செல்லும்.

எனினும் எல்லாச் சிக்கல்களும் சுட்டலால் தீர்வதில்லை என்பதற்கு ‘இயங்குநிலை’ என்ற கருத்தின் வரலாறு சான்றாகும். உள்ளமைவுத் தரவு, அதாவது மேலாளர் கருவிக்கு இடும் அமைப்புகள், இயங்குநிலைத் தரவிலிருந்தும் புள்ளிவிவரங்களிலிருந்தும் தெளிவாகப் பிரிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை, 2002-இல் நடந்த வலையமைப்பு மேலாண்மைப் பட்டறையின் அறிக்கையான ஆர்.எஃப்.சி. 3535-இலேயே பதிவாகியிருந்தது. பிரிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதே கேள்வி. மேலாளர் இட்ட மதிப்பும் கருவி அந்நேரத்தில் உண்மையில் பயன்படுத்தும் மதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை: கருவியில் பொருத்தப்படாத அட்டை ஒன்றுக்கு உள்ளமைவு எழுதப்பட்டிருக்கலாம்; ஐ.பி. முகவரி, மேலாளர் இடாமலே, முகவரிகளைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. நெறிமுறை வழியாக வந்திருக்கலாம்.

2014-இல் வெளியான இடைமுக மாதிரி (ஆர்.எஃப்.சி. 7223) இதை இரு தனிக் கிளைகளால் சமாளித்தது. உள்ளமைவில் பதிவு பெறாத இடைமுகத்துக்கு உள்ளமைவுப் பட்டியலில் வரிசை இல்லாததால், அதன் நிலையை அங்கே காட்ட வழியில்லை. ஆகவே நிலைத் தரவுக்கென இரண்டாவது பட்டியல் வைக்கப்பட்டது. ஒரே இடைமுகம் இரு பட்டியல்களில் தோன்றும் இந்த ஏற்பாடு பயன்படுத்துவோருக்குச் சுமையே.

வலையமைப்பு நடத்துநர்களின் குழுவான ஓப்பன்கான்ஃபிக் 2015-இல் இச்சிக்கலைப் பணிக்குழுவின் முன் வைத்ததைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தின் விளைவாக, 2018 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 8342 வெளியானது. வார்ப்புருக்களை விரிப்பது, செயலற்ற பகுதிகளை விலக்குவது போன்ற மாற்றங்களுக்குப் பின் கருவி பின்பற்றக் கருதுவது ‘கருதிய உள்ளமைவு’ என்றும், கருவி உண்மையில் பயன்படுத்திக்கொண்டிருப்பது ‘செயலில் உள்ள உள்ளமைவு’ என்றும், பின்னதும் கருவியின் சொந்த நிலையும் சேர்ந்ததே ‘இயங்குநிலை’ என்றும் அது வகுத்தது. வரையறை தெளிவானதும் மாதிரியின் அமைப்பே சுருங்கியது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஒரே கிளையை வெவ்வேறு தரவுத்தேக்கங்களில், அதாவது தரவை வைத்துப் படிக்கும் தருக்க இடங்களில், வாசித்தால் போதும் என்றாயிற்று. மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் ‘தோற்றம்’ என்னும் குறிப்பு சொல்லும். திருத்தப்பட்ட இடைமுக மாதிரியான ஆர்.எஃப்.சி. 8343-இல் நிலைக்கான தனிக் கிளை கைவிடத்தக்கதாகக் குறிக்கப்பட்டது.

ஆர்.எஃப்.சி. 8342 பழைய சொற்கள் சிலவற்றின் வரையறைகளையும் திருத்தி எழுதியது. அவை பொருளளவில் முந்தியவற்றுக்கு நிகரானவை என்றும், கருவிகளின் உள்ளமைவைக் கையாளும் நெட்கான்ஃப் நெறிமுறையையும் யாங் மொழியையும் வரையறுக்கும் ஆவணங்கள் திருத்தப்படும்போது அங்குள்ளவற்றின் இடத்தை இவை பெறும் என்றும் அது கூறுகிறது.

பணிக்குழுவுக்கு வெளியே இந்த ஒருமை முழுமையாகப் பரவவில்லை. யாங் வரையறையில் ‘நிலைத் தரவு’ உள்ளமைவு அல்லாததை மட்டுமே குறிக்க, ஓப்பன்கான்ஃபிக் மாதிரிகளில் ‘நிலை’ எனப் பெயரிட்ட கொள்கலம் செயலில் உள்ள உள்ளமைவின் நகலையும் கருவி தானே கண்டறிந்த மதிப்புகளையும் சேர்த்தே தாங்குகிறது. இருவகை மாதிரிகளையும் ஒருங்கே கையாளும் மென்பொருள் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டே எழுதப்பட வேண்டியிருக்கிறது.