மின்னஞ்சல்வழி மருத்துவத் தகவலுக்கான நோயாளி ஒப்புதல்

நோயாளியின் உடல்நலத் தகவலை மின்னஞ்சலில் அனுப்புமுன், அதன் பயனையும் இடரையும் விளக்கி அவருடைய இசைவைப் பெறும் நடைமுறை இது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா எனப்படும் உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட விதிகள் இத்தகைய மின்னஞ்சலைத் தடை செய்யாமல், தகுந்த பாதுகாப்பையே வலியுறுத்துகின்றன. மறையாக்கம், அதாவது உரியவரன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு தகவலைக் குறியீடாக மாற்றுதல், செய்யப்படாத மடல் பிறர் கையில் சிக்கக்கூடும் என எச்சரிக்கப்பட்ட பின்னரும் நோயாளி அதையே விரும்பினால், அவ்வாறே அனுப்பலாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2013-இல் தெளிவுபடுத்தியது. குடும்பத்தார் பொதுவில் பயன்படுத்தும் முகவரிக்குச் செல்லும் ஒரு குருதிப் பரிசோதனை முடிவே அந்தரங்கத்தை வெளிப்படுத்திவிடும் என்பதால், முகவரியைச் சரிபார்த்தல், அனுப்பத்தக்க தகவலை வரையறுத்தல், இசைவைத் திரும்பப் பெற வழிவைத்தல் ஆகியவை ஒப்புதல் படிவத்தில் இடம்பெற வேண்டும். இடரை உணர்த்தாமல் பெறும் கையொப்பம் உண்மையான ஒப்புதல் ஆகாது.