ஷியா, இலுப்பை, இல்லிப்பே: ஒரு கூந்தல் நெய்யின் பெயர் வரலாறு

பண்டங்கள் நாடு விட்டு நாடு செல்லும்போது அவற்றின் பெயர்களும் உடன் செல்வது வழக்கம். பெயர் வழியில் திரிந்து போவதுண்டு. பெயர் மட்டும் பயணம் செய்து வேறொரு பண்டத்தின்மேல் ஏறி அமர்ந்துகொள்வதும் உண்டு. கூந்தலுக்கும் தோலுக்கும் பூசப்படும் இரண்டு மரக்கொழுப்புகளின் வரலாற்றில் இவ்விரு நிகழ்வுகளையும் காணலாம். ஒன்று மேற்காப்பிரிக்காவின் ஷியா. மற்றொன்று தமிழகத்தின் இலுப்பை. இரண்டும் சப்போட்டாக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள். தாவரவியலார் ஏடுகளில் இவை சிறிது காலம் ஒரே பேரினமாகவும் கருதப்பட்டன. இன்று தலைமுடித் தைலங்களின் உறைகளையும் அவற்றுடன் வரும் விளக்கத் தாள்களையும் தமிழாக்குவோர் இவ்விரு பெயர்களிலும் இடறுவதைக் காண முடிகிறது. இடறலின் காரணம் இரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆங்கில வாக்கியம் வரை செல்கிறது.

ஷியா மரம் செனகல் தொடங்கி உகாண்டா வரை, சகாராவுக்குத் தெற்கேயுள்ள புல்வெளி நிலத்தில் வளர்வது. இதைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் இப்னு பதூதாவின் பயண நூல் முதன்மையானது. அவர் 1352இல் சிஜில்மாசாவிலிருந்து பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றார். அங்கே 'கர்தி' என்னும் பழத்தின் கொட்டையை இடித்து எண்ணெய் எடுப்பதையும், அதைக் கொண்டு சமைப்பதையும், விளக்கெரிப்பதையும், உடலில் பூசிக்கொள்வதையும், மண்ணோடு குழைத்து வீட்டுச் சுவருக்குப் பூசுவதையும் அவர் குறிப்பிடுகிறார். பிரெஞ்சு மொழியில் இன்று வழங்கும் 'கரிதே' என்னும் சொல் இதனோடு தொடர்புடையது. பிரெஞ்சுக்கு அது வொலோஃப் மொழி வழியாக வந்ததென்பது பொதுவான கருத்து. இதே இப்னு பதூதா அதற்கு முன்னரே இந்தியாவில் பல ஆண்டுகள் இருந்தவர். மதுரைச் சுல்தானின் ஆட்சியையும் கண்டவர். இந்திய மரங்களைப் பற்றிய பகுதியில் அவர் இலுப்பையின் வடநாட்டு இனமாகிய மகுவாவையும், அதன் கொட்டையிலிருந்து விளக்குக்கு எண்ணெய் எடுப்பதையும் எழுதியுள்ளார். இரு கண்டத்து உறவு மரங்களையும் நேரில் கண்டு எழுதிய அவர், இரண்டின் பயனையும் எண்ணெய் என்ற ஒரே சொல்லாலேயே குறித்தார். இது நினைவில் இருத்தத்தக்கது.

ஆங்கிலத்தில் இச்சொல்லை நிலைபெறச் செய்தவர் ஸ்காட்லாந்தியராகிய முங்கோ பார்க். 1795இல் காம்பியா ஆற்றை அடைந்த அவர், பிசானியா என்னும் ஊரில் தங்கி மண்டிங்கா மொழியைக் கற்றார். 1796 ஜூலையில் சேகு நகருக்கருகே நைஜர் ஆற்றைக் கண்டார். 1799இல் வெளிவந்த அவருடைய பயண நூலில், உள்நாட்டார் உப்புக்கு மாற்றாகக் கடற்கரைப் பக்கம் கொண்டுவரும் சரக்குகளுள் 'ஷியா துலு' என்பது ஒன்றென்று கூறுகிறார். அதற்குச் சொல்லுக்குச் சொல்லான பொருள் 'மரவெண்ணெய்' என்றும் விளக்குகிறார். பால் வெண்ணெயைவிட இது வெண்மையும் இறுக்கமும் உடையதென்றும், உப்பிடாமலே ஓராண்டு கெடாமல் இருக்குமென்றும் பின்னர்ப் பாராட்டுகிறார்.

பார்க் தந்த பொருள் சொல்லுக்குச் சொல் என்று கூறப்பட்டாலும் உண்மையில் அப்படி அன்று. பம்பரா மொழியில் 'சி' என்பது இந்த ஒரு மரத்தின் பெயரேயன்றி மரம் என்னும் பொதுச் சொல் அன்று. மரத்துக்கு 'யிரி' என்ற வேறு சொல் உண்டு. 'துலு' என்பது எண்ணெய், கொழுப்பு எனப் பொருள்படுவது. ஆகவே 'சி துலு' என்பது 'சி எண்ணெய்' மட்டுமே. 'இலுப்பை எண்ணெய்' என்பதைப் போன்ற எளிய தொகை. பார்க் முதற்சொல்லைப் பொதுமையாக்கினார். இரண்டாம் சொல்லைத் தம் நாட்டு உணவு மேசையில் வைத்துப் பார்த்தார். வெண்ணிறமாகவும் கட்டியாகவும் இருக்கும் உணவுக் கொழுப்பு ஸ்காட்லாந்தியர் ஒருவருக்கு வெண்ணெயாகத் தோன்றியதில் வியப்பில்லை. பிழையென்று அவரைக் குறைகூறுவதும் பொருந்தாது. நோயிலும் சிறையிலும் உழன்று, கையிலிருந்த குறிப்புகளைத் தொப்பிக்குள் வைத்துக் காத்துவந்தவர் அவர். பின்வந்தோர் அவ்விளக்கத்தைச் சோதிக்காமலே வாங்கிக்கொண்டதே கருதத்தக்கது.

ஷியா நிலத்தின் மொழிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் அவற்றின் பாகுபாடு தெளிவாகும். ஹௌசாவில் இதன் பெயர் 'மன் கடன்யா'. 'மை' என்பது எண்ணெய். அது தொகையில் 'மன்' எனத் திரியும். கடன்யா மரத்தின் பெயர். அதே மொழியில் பசுவின் வெண்ணெய்க்குப் பெயர் 'மன் ஷானு', அதாவது மாட்டெண்ணெய். பார்க் மரக்கொழுப்பை வெண்ணெயின் ஒருவகையாகக் கண்டார் என்றால், ஹௌசா மக்கள் வெண்ணெயை எண்ணெயின் ஒருவகையாகக் காண்கின்றனர். உகாண்டாவின் லாங்கோ மொழியில் 'மோ யாவோ' என்பதிலும் 'மோ' எண்ணெயே. புர்க்கினா பாசோவின் மோரே மொழியில் மரம் 'தாங்கா', அதன் கொழுப்பு 'காம்'. காம் என்பதும் எண்ணெய்க்குரிய பொதுச்சொல். யொரூபாவில் மட்டும் 'ஓரி' எனத் தனிச்சொல் வழங்குகிறது. தலை என்னும் பொருளுடைய 'ஓரி' என்ற சொல்லும் அம்மொழியில் உண்டு. ஆனால் இரண்டும் தொனியால் வேறுபட்டவை. தலையில் தடவப்படுவதால் தலையின் பெயர் பெற்றது என்று யாரேனும் சொற்பிறப்பு கூறினால் அதை ஐயுற்றே கேட்க வேண்டும். தொனியைக் குறிக்காத எழுத்தில் மொழிகளைப் படிப்போர்க்கு இத்தகைய கண்ணிகள் பல.

செய்முறையும் இதற்கு இசைவானது. வடக்குக் கானாவிலும் புர்க்கினா பாசோவிலும் இது முழுவதும் பெண்களின் தொழில். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிச் சதையை நீக்கி, கொட்டையை வேகவைத்து உலர்த்தி, உடைத்துப் பருப்பை எடுத்து, வறுத்து அரைக்கின்றனர். அரைத்த களியில் சிறிது சிறிதாக நீர் விட்டுக் கையால் நெடுநேரம் பிசைந்து அடிக்க, கொழுப்பு வெளிறிய நுரையாக மேலெழும். அதை வழித்துக் காய்ச்சி வடிகட்டி ஆறவிட்டால் கட்டியாகும். அடித்துத் திரட்டும் அந்த ஒரு படியில் மட்டும் இது மோர் கடைவதை ஒத்திருக்கிறது. மற்றவை எல்லாம் எண்ணெய் எடுக்கும் வினைகள். உள்ளங்கைச் சூட்டில் இளகும் இக்கொழுப்பைக் குழந்தையின் உடம்பிலும், பெண்கள் முடியைப் பின்னுவதற்கு முன் மண்டையோட்டுத் தோலிலும் மயிர்க்காலிலும் தேய்க்கின்றனர். சோப்பாக மாறாத பகுதி இக்கொழுப்பில் பிற விதைக் கொழுப்புகளைவிட மிகுதி. அழகுப்பொருள் தொழில் இதை நாடுவதற்கு அது ஒரு காரணம்.

தரங்கம்பாடியிலிருந்து

பார்க் ஆப்பிரிக்காவுக்குப் புறப்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இலுப்பை ஐரோப்பிய ஏடுகளில் ஏறிவிட்டது. லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தார். அவர் அனுப்பிய செய்திகளைக் கொண்டு 1771இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் இலுப்பை 'பாசியா லாங்கிஃபோலியா' ஆயிற்று. பேரினப் பெயர் இத்தாலியத் தாவரவியலார் ஃபெர்டினாண்டோ பாசியைச் சிறப்பிப்பது. 1805இல் வில்லியம் ராக்ஸ்பர்க், கல்கத்தாவின் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' எட்டாம் தொகுதியில் இமயமலைச் சாரலின் மரமொன்றை 'பாசியா பியூட்டிரேசியா' எனப் பெயரிட்டு விவரித்தார்; 'வெண்ணெய்க்குரியது' என்பது இதன் பொருள். 1838இல் ஜார்ஜ் டான் என்பார் பார்க்கின் ஆப்பிரிக்க மரத்தையும் இதே பேரினத்தில் சேர்த்து 'பாசியா பார்க்கியை' என்றார். ஆக, தமிழகக் கடற்கரையிலிருந்து சென்ற ஒரு மரத்தை அடியாகக் கொண்டு அமைந்த பேரினத்தில் மாலி நாட்டு மரம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு குடியிருந்தது.

பிறகு பிரிவு ஏற்பட்டது. 1865இல் கோட்ஷி ஆப்பிரிக்க மரத்துக்குத் தனிப் பேரினம் வகுத்து 'பியூட்டிரோஸ்பெர்மம்' என்றார். கிரேக்கத்தில் 'வெண்ணெய் விதை'. பார்க் கூறிய பொருள் இவ்வாறு அறிவியல் பெயராகவே உறைந்துவிட்டது. பியூட்டிரம் என்ற சொல்லும் மூலத்தில் மாட்டைக் குறிக்கும் 'பூஸ்' என்பதிலிருந்து வந்தது என்பதைக் கருதினால் முரண் இன்னும் தெளிவாகும். கார்ட்னர் 1807இலேயே இம்மரத்துக்கு 'விட்டெல்லேரியா பாரடோக்சா' என்ற பெயரைத் தந்திருந்தார். முந்திய பெயரே செல்லும் என்ற விதிப்படி இன்றைய தாவரவியலில் அதுவே ஏற்கப்படுகிறது. இலுப்பையின் 'பாசியா'வும் நிற்கவில்லை. அப்பெயரை அல்லியோனி 1766இல் வேறொரு செடிக்கு இட்டுவிட்டதால், வடமொழி மதூகத்திலிருந்து வந்த 'மதுகா' அவ்விடத்தைப் பெற்றது. ஆனால் அழகுப்பொருள்களின் உட்பொருள் பட்டியலுக்கான பன்னாட்டுப் பெயர்முறை தாவரவியலின் இத்திருத்தத்தைப் பின்பற்றவில்லை. சென்னைக் கடையில் வாங்கும் கூந்தல் களிம்பின் உறையிலும் 'பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கியை' என்றே காணலாம்.

இதனினும் விந்தையானது இலுப்பை என்ற தமிழ்ச் சொல்லின் பயணம். ஆங்கில வணிக வழக்கில் அது 'இல்லிப்பே' ஆயிற்று. முதலில் இந்திய இலுப்பைக் கொழுப்பையே குறித்தது. பின்னர் போர்னியோத் தீவில் ஷோரியா இன மரங்களின் கொட்டையிலிருந்து கிடைக்கும், மலாய் மொழியில் 'தெங்காவாங்' எனப்படும் கொழுப்பும் அப்பெயரால் விற்கப்பட்டது. ஷோரியா நம் சால மரத்தின் இனம்; இலுப்பைக்கு அது எவ்வகையிலும் உறவன்று. நாளடைவில் புதியவர் உள்ளே வர, உரியவர் வெளியேறினார். சாக்லேட்டில் சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளை வரையறுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு ஆணையில், ஷியாவும் சாலமும் மாங்கொட்டைக் கொழுப்பும் இருக்கும் அதே பட்டியலில் 'இல்லிப்பே' என்பதும் உள்ளது. அதற்கு நேரே குறிக்கப்பட்டிருப்பது ஷோரியா மட்டுமே. பெயர் தமிழ், பொருள் போர்னியோ.

ஆங்கில மூலத்தில் 'இல்லிப்பே பட்டர்' என்று வருவதை 'இலுப்பை வெண்ணெய்' எனத் தமிழாக்குபவர் சொற்பிறப்பின்படி சரியானதையும் பொருளின்படி தவறானதையும் எழுதுகிறார். இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. தமிழகத்தில் இலுப்பை எண்ணெய் கோயில் விளக்குக்கும் வலிக்குத் தேய்க்கவும் பயன்படுவது. அதன் பிண்ணாக்கோ நுரைக்கும் பொருள் மிகுந்தது, எண்ணெய்க் குளியலின்போது சீயக்காயைப் போலத் தலைக்குத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற உதவுவது. இலுப்பை என்று படிக்கும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது இந்தப் பொருளே. அவர் கையிலுள்ள குப்பியில் இருப்பதோ வேறு மரத்தின் கொழுப்பு. ஆகவே பழைய நூல்களில் வரும் 'இல்லிப்பே'யை இலுப்பை என்றும், அண்மைக்கால வணிக ஏடுகளில் வருவதைத் 'தெங்காவாங் கொழுப்பு' என்றும் பிரித்து எழுதுவதே தகும். எது எதுவென்று ஆங்கிலச் சொல் காட்டாது. அருகில் தந்துள்ள தாவரப் பெயரே காட்டும்.

நெய்யா, வெண்ணெயா?

ஷியாவுக்குத் தமிழில் எச்சொல்லைத் தலைச்சொல்லாக அமைப்பது என்ற வினாவுக்குத் தமிழே விடை தருகிறது. பழந்தமிழில் 'நெய்' என்பது ஆவின் நெய்யை மட்டுமன்றிப் பூசும் கொழுப்பு அனைத்தையும் குறித்தது. எள்ளின் நெய் 'எண்ணெய்'. வெள்ளிய நெய் 'வெண்ணெய்'. இரண்டிலும் ளகரமும் நகரமும் புணர்ந்து ணகர இரட்டையாகின்றன. கன்னட 'எண்ணெ', 'பெண்ணெ', மலையாள 'எண்ண', 'வெண்ண' என்பனவும் இவ்வகையினவே. தெலுங்கின் 'நூனெ'யும் 'நுவ்வு' என்னும் எள்ளை அடியாகக் கொண்டது. வடமொழித் 'தைலம்' திலம் என்னும் எள்ளிலிருந்தும், ஆங்கில 'ஆயில்' ஒலிவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும் பிறந்தவை. ஒரு வித்தின் பெயர் எல்லா வித்தின் கொழுப்புக்கும் பொதுவாகிவிட, எள்ளின் எண்ணெய்க்கே புதுப்பெயர் வேண்டியதாயிற்று. தமிழர் அதை 'நல்லெண்ணெய்' என்றனர். தெலுங்கில் 'நுவ்வுல நூனெ' என எள் இருமுறை வருகிறது. இந்தியில் 'தில் கா தேல்' என்பதும் அவ்வாறே.

கட்டியாக இருப்பதால் வெண்ணெய் என்று சொல்ல வேண்டும் என்ற வாதம் தமிழுக்குப் பொருந்தாது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் வெண்கட்டியாகிவிடுகிறது. 'எண்ணெய் உறைந்துவிட்டது' என்கிறோமேயன்றி வெண்ணெய் ஆகிவிட்டது என்பதில்லை. 'வெண்ணெய்ப்பழம்', 'கடலை வெண்ணெய்' போன்றவை ஆங்கிலத்தின் வழி வந்த ஆக்கங்கள். அவற்றை முன்னுதாரணமாகக் கொண்டு ஷியாவையும் அவ்வரிசையில் சேர்ப்பது பார்க்கின் கண்கொண்டே ஆப்பிரிக்காவைப் பார்ப்பதாகும். மேற்காப்பிரிக்க மக்களின் வாழ்வைப் பேசும் நூல்களிலும் அம்மொழிகளிலிருந்து நேரே வரும் கதைகளிலும் 'ஷியா நெய்' அல்லது 'ஷியா எண்ணெய்' என்பதே மூலத்துக்கு நெருங்கியது. நெய் என்றால் இன்று உண்பதாயிற்றே என்ற தடை எழலாம். ஷியாவும் அம்மக்கள் உண்பதே.

எழுத்துப்பெயர்ப்பில் மற்றொரு சிக்கல் உண்டு. 'ஷியா' என்பது தமிழில் இசுலாமியப் பிரிவொன்றன் பெயராக முன்பே நிலைபெற்றது. பம்பராவின் ஒலிப்புக்கு நெருங்கிய 'சி' ஓரெழுத்தாய் நின்று படிப்போரை மயக்கும். ஆங்கிலேயரே இச்சொல்லை ஒருபடித்தாக ஒலிப்பதில்லை. பிரெஞ்சு வழி வரும் நூல்களில் 'கரிதே' என்றே வைத்துக்கொள்வது எளிது. அதற்கு இப்னு பதூதாவின் சான்றும் உண்டு. ஆங்கில வழி வருவனவற்றில் ஷியாவை ஏற்று, முதல் வருகையில் 'ஷியா மரம்' என்று மரத்தைச் சேர்த்து எழுதினால் மயக்கம் நீங்கும்.

விற்பனை உறைகளின் நிலை வேறு. அங்கே 'ஷியா பட்டர்' என்பது தமிழ் எழுத்தில் அச்சேறி மக்கள் வாயிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. அழுத்திப் பிசைதலைக் குறிக்கும் இந்தி 'சாம்ப்னா' ஆங்கிலத்தில் 'ஷாம்பு' ஆகி, 1814இல் பிரைட்டன் நகரில் சேக் தீன் முகம்மது தொடங்கிய நீராவிக் குளியலகத்தின் உடற்பிடிப்பையும் குறித்து, தலைகழுவும் நீர்மமாகப் பொருள் மாறித் தமிழுக்குத் திரும்பியது. அதைத் திருத்த எவரும் முயலவில்லை. 'பட்டர்' என்பதற்கும் அதே நிலை வாய்க்கும் எனலாம். அதே உறையின் பின்புறம், பொடி எழுத்தில், 'ஷோரியா ஸ்டெனாப்டெரா' என்றோ 'மதுகா லாங்கிஃபோலியா' என்றோ அச்சிடப்பட்டிருக்கும் வரியை மொழிபெயர்ப்பாளர் முதலில் படித்துவிட்டு, அதன் பின்னரே முன்புறத்துப் பெயருக்கு வர வேண்டும்.