கல்லில் எழுதிய கல்லூரி விதிகள்

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவன் கையில் ஒரு சிறு விதிநூலைக் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையை எப்போதும் அணிந்திருக்க வேண்டும். விடுதிக்குக் குறித்த நேரத்திற்குள் திரும்ப வேண்டும். இளைய மாணவரைத் துன்புறுத்தலாகாது. அனுமதியின்றிக் கடலில் இறங்கலாகாது என்றெல்லாம் அதில் காணப்படும். இவை மேல்நாட்டாரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட ஏற்பாடுகள் என்று பலர் கருதுகின்றனர். நம் நாட்டுச் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் படித்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். மாணவர் நலத்தைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர்.

முதலில் காஞ்சிபுரத்தை நினைத்துப் பார்ப்போம். பல்லவர் காலத்தில் அங்கே கடிகை என்னும் உயர்கல்விக் கழகம் விளங்கியது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் மாணவன், தன் ஆசிரியர் வீரசர்மனுடன் அங்குக் கல்வி கற்க வந்தான். வந்த இடத்தில் பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு அவனுக்குப் பூசல் மூண்டது. அவமதிப்புற்ற அவன் ஏட்டை விட்டு வாளை எடுத்தான். பின்னர் கதம்ப அரசையே நிறுவினான். கன்னட நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டு இச்செய்தியைச் சொல்கிறது. வெளியூரிலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞனுக்கு நகரத்துத் தெருவில் பாதுகாப்பில்லாமற் போனதன் விளைவு ஓர் அரசையே உருவாக்கிவிட்டது. கல்விக்கழகத்தின் பொறுப்பு அதன் மதிலோடு முடிந்துவிடுவதா என்னும் கேள்வி அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

மாணவர் ஒழுக்கத்தைப் பற்றிய விதிகளை நாம் தெற்கே காண்கிறோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டில் ஒரு திருமால் கோயிலையும் அதனோடு சேர்ந்த சாலையையும் நிறுவினான். சாலை என்றால் உண்டு உறைந்து கற்கும் கல்விநிலையம். காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி அமைந்த இச்சாலையில் 95 மாணவருக்கு இடம் உண்டு. அவர்களைச் சட்டர் என்று செப்பேடு அழைக்கிறது. சேர விரும்புவோருக்கு இலக்கணம், மீமாம்சை முதலியவற்றில் தேர்ச்சி வேண்டும். ஒரு சட்டர் மற்றொரு சட்டரைப் பழித்துப் பேசினால் தண்டம் செலுத்த வேண்டும். ஆயுதத்தோடு அவைக்கு வரலாகாது. தங்குமிடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. சக மாணவனைச் சொல்லால் புண்படுத்துவதும் குற்றமே என்று 9ஆம் நூற்றாண்டிலேயே செப்பேட்டில் பொறித்து வைத்தார்கள் என்பது எண்ணத் தக்கது.

பார்த்திவபுரத்துச் செப்பேட்டில் மாணவனின் கடமை விரிவாக இருக்கிறது. கல்விநிலையத்தின் கடமையை அதைவிட விரிவாகச் சொல்லும் சாசனம் ஒன்று நமது செங்கற்பட்டுக்கு அண்மையிலேயே உள்ளது. செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழியில் பழைய சீவரம் என்னும் ஊர் வரும். அதற்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருப்பது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடமாதலால் அதற்கு இப்பெயர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது.

அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், மருத்துவசாலையும் நடைபெற்றன. விடுதியில் 60 பேருக்கு உணவு. அவர்கள் படுக்கப் பாய். இரவில் விளக்கெரிக்க எண்ணெய். ஆண்டில் 51 சனிக்கிழமைகளில் தலைமுழுக எண்ணெய். மருத்துவசாலைக்கு வீரசோழன் ஆதுலசாலை என்பது பெயர். அதில் 15 நோயாளர் படுத்துச் சிகிச்சை பெறலாம். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவரும், அறுவை செய்வார் ஒருவரும், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவரும், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவரும், நாவிதர் ஒருவரும், தண்ணீர் கொணர்வார் ஒருவரும் அங்குப் பணிபுரிந்தனர். தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி முதலாக ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அளவுகளும் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. நோயாளர் கிடக்கும் இடத்தில் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரியவும் எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளை நடு இரவில் காய்ச்சலோடு கண் விழித்தால் இருட்டில் கிடக்கலாகாது என்று எண்ணிய ஒரு மனம் அந்த ஒரு வரியில் தெரிகிறது.

ஆயினும் பழமையைப் போற்றும்போது அதன் குறையையும் மறைக்கலாகாது. இக்கல்விக்கூடங்களில் வேதம் ஓதும் குலத்தாருக்கே இடம் இருந்தது. பார்த்திவபுரத்து 95 இடங்களும் இன்ன வேதப் பிரிவினருக்கு 45, இன்னாருக்கு 36, இன்னாருக்கு 14 என்றே பகுக்கப்பட்டன. அன்று ஒருவனுடைய அடையாளம் அவனுடைய பிறப்பு. இன்று கல்லூரி வாயிலில் காட்டும் அட்டையில் பெயர், படம், துறை, குருதி வகை ஆகியவை இருக்கின்றன. குலம் இல்லை. உழவர் மகளும் மீனவர் மகனும் அதே அட்டையைக் காட்டி அதே வாயிலில் நுழைகின்றனர். மாணவர் சிலர் அதைக் கழுத்துச் சுமையென்று அலுத்துக்கொள்வதுண்டு. அவர்களுடைய பாட்டனாருக்கு எந்தக் கல்விக்கூடமும் கொடுத்திராத உரிமைச் சீட்டு அது என்பதை யாரேனும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் காலத்துச் சட்டங்கள் துயரத்திலிருந்து பிறந்தவை. 1996ஆம் ஆண்டில் அண்ணாமலைநகரில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அதன் பின்னரே 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்க அது இடமளிக்கிறது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகளை வகுத்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித்தருவது அதனால் வந்த வழக்கம். மாணவனிடம் கையொப்பம் வாங்குவது சரியே. நிர்வாகமும் மாணவனுக்கு அதுபோல் ஒரு கையொப்பம் இட்டுத்தர வேண்டும் என்று திருமுக்கூடல் கல்வெட்டு நமக்கு நினைவூட்டுகிறது.

மாமல்லபுரக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் செங்கற்பட்டைச் சுற்றியும் இன்று கல்லூரிகள் பல. விடுமுறை நாளில் மாணவர் கூட்டம் கடற்கரைக் கோயிலை நோக்கி வருகிறது. அங்கே கடல் திடீரென ஆழங்காணும். அலை திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். நீந்தத் தெரிந்தவர்களையும் அது விடுவதில்லை. ஆசிரியப் பணியில் இருந்த நாளில் ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். பேருந்தில் ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு, கோயிலை விட்டுப் புறப்படும்போது ஒரு கணக்கு எடுப்போம். அலைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எப்போதும் இரண்டு ஆசிரியர் நிற்பார்கள். “கடலில் இறங்காதே” என்று அறிவிப்பு எழுதுவது எளிது. இடையே நிற்க இருவரை நியமிப்பதற்குச் செலவும் முயற்சியும் வேண்டும். பிள்ளையைக் காப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஏற்பாடுதான்.

ஆகவே, கல்லூரி நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் விதிநூலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாணவன் செய்யலாகாதவை எத்தனை, நாங்கள் மாணவனுக்குச் செய்வோம் என்று சொன்னவை எத்தனை என்று எண்ணுங்கள். விடுதியில் இரவு நேரத்தில் அழைத்தால் வரும் மருத்துவர் யார், துன்புற்ற பிள்ளை அச்சமின்றி யாரிடம் சொல்லலாம், கடற்கரைக்குச் செல்லும் குழுவோடு யார் போவார் என்பவை பெயரோடு அதில் எழுதப்பட்டிருக்கட்டும். திருமுக்கூடலில் மருத்துவரின் பெயரையும் விளக்கெண்ணெயின் அளவையும் எல்லோரும் காணக் கல்லில் வெட்டினார்கள். நாம் தாளிலாவது எழுதுவோம்.