வருமானம் மூட்டை கட்டிக்கொண்டு போகுமா?

அமெரிக்காவில் யார் எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தார்கள் என்று அறிய அந்நாட்டு வருமான வரித்துறையிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. ஒருவருடைய போன வருடப் படிவத்தின் முகவரியையும் இந்த வருட முகவரியையும் ஒப்பிடுவார்கள். கவுன்ட்டி (ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி) மாறியிருந்தால் இடப்பெயர்வு. என் தொழில் பாஷையில், ரெண்டு டேபிளை ஜாயின் பண்ற வேலை. ஒரு படிவம் என்பது தோராயமாக ஒரு குடும்பம். அதில் காட்டிய வருமானம், அந்தக் குடும்பத்தோடு 'போன' வருமானம்.

இந்தக் கடைசி வரிதான் இடிக்கிறது. ஏன் என்று ஒரு கவுன்ட்டியை வைத்துப் பார்ப்போம்.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுன்ட்டி, நிலக்கரி பூமி. 1950-இல் மக்கள்தொகை 98,887. 1960-இல் 71,359. 2020-இல் வெறும் 19,111. நிலக்கரியை வெட்டி, அள்ளி, கன்வேயரில் தள்ளும் இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் வந்தன. ஜான் எல். லூயிஸ் தலைமையிலான தொழிற்சங்கமும் நல்ல கூலி, மருத்துவ நிதி, ஓய்வூதியம் கிடைத்தால் போதுமென்று இயந்திரங்களை ஏற்றுக்கொண்டது. வேலையில் நீடித்தவர்களுக்கு நல்ல சம்பளம். மற்றவர்களுக்கு வேலையே இல்லை. 1961-இல் கென்னடி அரசு சோதனையாக ஆரம்பித்த உணவுக் கூப்பன் திட்டத்தில் முதல் கூப்பன்களை வாங்கியது இந்தக் கவுன்ட்டிக் குடும்பம்தான்.

அப்போது ஊரை விட்டுப் போனவர்கள் வருமானத்தைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? வருமானம் முதலில் செத்தது. ஆட்கள் பிறகு கிளம்பினார்கள். கூலி என்பது வேலைக்குச் சொந்தம், அது ஆளோடு நகராது. ஆனால் ஓய்வூதியம் ஆளுக்குச் சொந்தம். ஓய்வு பெற்றவர் வேறு ஊருக்குப் போனால், அந்தப் பணம் நிஜமாகவே அவர் பின்னாலேயே போகும். அட்டவணையோ இரண்டையும் ஒரே காலத்தில் கூட்டி வைக்கிறது.

அட்டவணைக்குக் கண்ணே தெரியாத இழப்பும் உண்டு. 'அக்டோபர் ஸ்கை' படம் பார்த்திருப்பீர்கள். அதன் நிஜ நாயகன் ஹோமர் ஹிக்கம், இதே கவுன்ட்டியின் கோல்வுட் ஊர்க்காரர். கல்லூரிக்குப் போய், பின்னாளில் நாசா பொறியாளர் ஆனார். இப்படிப் பள்ளி முடித்ததும் கிளம்பும் பிள்ளைக்குப் போன வருடப் படிவமே இருக்காது. இடதுபக்க டேபிளில் ஆள் இல்லாவிட்டால் ஜாயினில் எப்படி வருவார்? அவரை வளர்த்துப் படிக்க வைத்த செலவு ஊருடையது. வாழ்நாள் சம்பாத்தியம் வேறு ஊருடையது. அட்டவணையில் இழப்பு பூஜ்யம்.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு சங்கடம். இரண்டு கவுன்ட்டிகளுக்கு நடுவே 20 படிவங்களுக்குக் குறைவாக நகர்ந்திருந்தால், தனியுரிமை கருதி ஊர்ப் பெயரைக் காட்டாமல் 'மற்றவை'யில் சேர்த்துவிடுவார்கள். நியாயமான விதிதான். ஆனால் கிராமத்து ஆட்கள் பத்துப் பத்துப் பேராகத்தானே பல திசைகளில் போவார்கள்? அவர்கள் எங்கே போனார்கள் என்பதே மறைந்துவிடுகிறது. வரிப் படிவம் தாக்கல் செய்யத் தேவையில்லாத பரம ஏழைகள் கணக்கிலேயே வருவதில்லை.

ஆகவே "இந்த ஊரிலிருந்து இத்தனை கோடி டாலர் வெளியேறியது" என்று யாராவது வரைபடம் போட்டால், ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பணம் ஆளோடு போனதா, இல்லை ஆள் கிளம்பும் முன்பே போய்விட்டதா? முதலாவது என்றால், ஆளைத் தங்க வைக்க ஊர் ஏதாவது செய்யலாம். இரண்டாவது என்றால், போனவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஊருக்குத் தேவை வேறொரு வேலை.