லோக்டாக்: வற்ற முடியாத ஏரி

ஏரி வற்றினால் கஷ்டம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் வற்றாமல் போனதால் கஷ்டப்படும் ஏரி ஒன்று இந்தியாவில் இருக்கிறது. மணிப்பூர் தலைநகர் இம்பாலுக்குத் தெற்கே உள்ள லோக்டாக் ஏரிதான் அது. வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி.

மிதக்கும் நிலம்

லோக்டாக்கின் சிறப்பே அதில் மிதக்கும் 'பும்டி'தான். புல், நாணல், வேர், மக்கிய இலைதழை, மண் எல்லாம் பின்னிப் பிணைந்து தண்ணீரின் மேல் பாய் விரித்தது போல் கிடக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே தெரியும், மீதி தண்ணீருக்குள். அதன் மேல் மனிதர்கள் நடக்கலாம், குடிசை போடலாம். மீனவர்கள் பும்டியை வளையமாகக் கட்டி, அதற்குள் மீன்களைச் சேர்த்துப் பிடிப்பார்கள். செந்த்ரா குன்றின் மேலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏரியில் தெரியும் பச்சை வட்டங்கள் இவைதான்.

ஏரியின் தென்கிழக்கில், இந்தப் பும்டியின் மேலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பெயர் கெய்புல் லம்ஜாவோ, சுமார் 40 சதுர கிலோமீட்டர். உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று இதைச் சொல்வார்கள். இங்கே வாழ்வது சங்காய் மான். பும்டியின் மேல் மெல்ல மெல்லக் கால் வைத்து நடப்பதால் இதற்கு 'நடனமாடும் மான்' என்றும் பெயர்.

கதைகளின் ஊர்

கரையில் இருக்கும் மொய்ராங், மைதேயி மக்களின் பழைய அரசுகளில் ஒன்று. ஏழை அநாதை கம்பாவும் இளவரசி தொய்பியும் காதலித்த கதை பிறந்தது இங்கேதான். ஊரின் தெய்வம் தாங்ஜிங்கிற்கு ஆண்டுதோறும் ஆட்டமும் பாட்டுமாக 'லாய் ஹராவோபா' விழா நடக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் கொடி ஏற்றியதும் இதே மொய்ராங்கில்தான். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் சேர்ந்த படை அது. ஏரியைப் பார்க்க வருபவர்கள் அதன் நினைவாக அமைந்த அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இல்லாமல் போய் மீண்டும் வந்த மான்

வேட்டையால் சங்காய் மான் குறைந்துகொண்டே வந்தது. 1951இல் இந்த இனமே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஆனால் 1953இல் இயற்கை ஆர்வலர் இ.பி.கீ சில மான்கள் உயிரோடு இருப்பதை உலகுக்குச் சொன்னார். 1966இல் அந்த இடம் சரணாலயம் ஆனது. 1975இல் விமானத்திலிருந்து எண்ணியபோது இருந்தவை வெறும் 14! 1977இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வேட்டை குறைந்தது, மான்கள் பெருகின. 2016 கணக்கெடுப்பில் 260 மான்கள் இருந்தன.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் ஓர் அணை வந்தது.

1983க்குப் பிறகு

மின் உற்பத்திக்காக 1983இல் இதாய் அணை செயல்பாட்டுக்கு வந்தது. ஏரித் தண்ணீரைச் சுரங்கம் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் 105 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்காக ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயரமாக வைக்கப்பட்டது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. முன்பு மழை இல்லாத மாதங்களில் நீர் இறங்கும். பும்டியும் கீழே இறங்கித் தரையைத் தொடும். அதன் வேர்கள் மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி மிதக்கும். அதாவது ஆண்டுக்கு ஒருமுறை பும்டிக்குச் சாப்பாடு கிடைத்து வந்தது. அணை வந்த பிறகு தரையைத் தொட வழியில்லை. பூங்காவில் பும்டி மெலிந்து வருகிறது. மெலிந்த பும்டியால் மானின் எடையைத் தாங்க முடியாது.

மனிதர்களும் தப்பவில்லை. கரையோர விளைநிலங்கள் தண்ணீருக்குள் போயின. பயிர் செய்தவர்கள் மீன் பிடிக்க இறங்கினார்கள். மியான்மரின் சிந்துவின் ஆற்றுப் பக்கமிருந்து மணிப்பூர் ஆறு வழியாக ஏறி வந்த 'பெங்பா' மீனின் பாதையை அணை அடைத்தது. மணிப்பூரின் மாநில மீன் அதுதான்!

1990இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற லோக்டாக், 1993இல் ஆபத்தில் உள்ள சதுப்புநிலங்களின் பட்டியலுக்கும் போனது. 2006இல் ஏரியைக் காக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டி, 2011 நவம்பரில் பும்டி மேல் இருந்த நூற்றுக்கணக்கான மீனவர் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஏரியைக் கெடுப்பவர்கள் என்ற பழி அவர்கள் மேல் விழுந்தது. ஆனால் நிலத்தை இழந்து ஏரிக்குள் போனவர்களும் அவர்களில் உண்டு.

மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு உண்டு. மூழ்கிய வயலும், வராமல் போன மீனும், எரிந்த குடிசையும் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதப்பட்டன? அணையின் கதவுகளைத் திறக்கச் சொல்லி மணிப்பூர் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. ஆண்டுக்குச் சில மாதம் தங்கள் ஏரி பழையபடி வற்ற வேண்டும் என்பதுதான்.