உருவகத்துக்கும் சாதி உண்டு

பிரசங்கத்தில் உருவகம் எப்படி இருக்க வேண்டும் என்று போதகர்களுக்கு நிறைய அறிவுரை சொல்லப்படுகிறது. எளிமையாக இருக்கட்டும், கேட்பவர் கண்முன் படமாக விரியட்டும், ஒரு பிரசங்கத்துக்கு ஒன்றே போதும் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த உருவகம் யாருடைய வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது, யாருடைய உடம்பின் மேல் போய் விழுகிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

நிறத்தையே எடுத்துக்கொள்வோம். பாவம் கறுப்பு, பரிசுத்தம் வெள்ளை என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஏசாயா முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பாவத்தின் நிறம் சிவப்பு. ஏன் சிவப்பு? மூன்று வசனம் முன்னால் போனால் தெரியும்: பலி செலுத்த வருகிறவர்களின் கைகள் இரத்தத்தால் நிறைந்திருக்கின்றன. அது ஒடுக்குகிறவனின் கையில் இருக்கும் கறை; ஒடுக்கப்பட்டவனின் தோல் நிறம் அல்ல.

அதே வசனத்தில் பனியும் வருகிறது. பனிப்பொழிவு பார்க்காத மக்களுக்காக நம் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் அதை ‘உறைந்த மழை’ என்று எழுதினார்கள். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை அது. நிறத்தைப் பற்றிப் பேசுகையில் அந்த அக்கறை எங்கே போனது? 1866 ஜனவரி 11 அன்று லண்டனில் சார்லஸ் ஸ்பர்ஜன் ‘எழுத்தில்லாப் புத்தகம்’ பற்றிப் பிரசங்கித்தார். மூன்று தாள்கள். கறுப்பு பாவம், சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம், வெள்ளை நீதி. பின்னாளில் அது உலகெங்கும் சிறுவர் ஊழியத்தின் கருவியானது. நிறத்துக்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் ஒரு பிள்ளையிடம் கறுப்புத் தாளைக் காட்டி ‘இதுதான் பாவம்’ என்றால், அந்தப் பிள்ளை முதலில் தன் கையைத்தான் பார்க்கும்.

உருவகத்தின் வலிமையை அடிமை உடைமையாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807இல் லண்டனில் ஒரு வேதாகமத் தொகுப்பு அச்சானது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகி வெளியேறும் கதை அதில் இல்லை. ஆனாலும் அமெரிக்க அடிமைகள் அந்தக் கதையைத் தங்கள் பாடல்களில் காப்பாற்றினார்கள். பார்வோன் யார், எகிப்து எது என்று அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தங்களை மீட்டுக் கூட்டிப்போன ஹேரியட் டப்மனை ‘மோசே’ என்றே அழைத்தார்கள்.

அந்த மரபில் வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1959இல் அவர் இந்தியா வந்தபோது, கேரளத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்துபோனதையும், பிறகு தன் நாட்டில் தன் மக்கள் படும் பாட்டை எண்ணிப் பார்த்து ‘ஆம், நானும் தீண்டப்படாதவன்தான்’ என்று உணர்ந்ததையும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் பிரசங்கித்தபோது அவரே சொன்னார். மேலிருந்து இரக்கப்பட்டுச் சொன்ன உவமை அல்ல அது. சொன்னவரையே முதலில் தைத்த சொல்.

அவருடைய கடைசிப் பேச்சை ஒவ்வொரு போதகரும் படிக்க வேண்டும். 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில் இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் 3 இரவு அவர்களுக்கு ஆதரவாகப் பேசிய கிங், நல்ல சமாரியன் உவமையை எடுத்தார். எரிகோவுக்கு இறங்கும் சாலையில் தான் காரில் போனதையும், அதன் வளைவுகள் வழிப்பறிக்கு எவ்வளவு தோதானவை என்பதையும் விவரித்தார். நின்று உதவினால் எனக்கு என்ன ஆகும் என்பதல்ல, உதவாவிட்டால் இந்தத் தொழிலாளர்களுக்கு என்ன ஆகும் என்பதே கேள்வி என்றார். அதே பேச்சில் எந்தக் குளிர்பானத்தை, எந்தப் பாலை, எந்த ரொட்டியை வாங்கக் கூடாது என்று நிறுவனப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாலை சுட்டுக் கொல்லப்பட்டார். மலக்குழியில் மனிதர்கள் மூச்சடைத்துச் சாகும் நாட்டில், அதே உவமையை ‘அண்டை வீட்டாரோடு அன்பாயிருங்கள்’ என்பதோடு முடித்துவிடுகிறோம்.

நம்மிடமும் மரபு இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ‘ஒரு உலை’ என்ற உருவகத்தை முன்வைத்தார். ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் பொங்கி, எல்லோரும் சேர்ந்து உண்பது. திருவிருந்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் உண்டா? சாதி முதலில் காவல் காப்பதே சோற்றுப் பானையைத்தானே! சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியான நூலில், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையையே கிறிஸ்துவின் குறியீடாக வாசித்தார்.

கடைசியாக, சுவர். எபேசியர் நிருபம் பேசும் நடுச்சுவரைக் கேட்டதும், எருசலேம் ஆலயத்தில் புறஜாதியாரைத் தடுத்து நிறுத்திய கற்சுவர் பலருக்கு நினைவுக்கு வரும். தாண்டினால் சாவு என்று எச்சரித்த அதன் கல்வெட்டு 1871இல் கிடைத்தது. ஆக, உருவகத்துக்குப் பின்னால் ஒரு நிஜச் சுவர் நின்றது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்டதும் நிஜச் சுவர்தான். செத்த பிறகும் நம்மைப் பிரிக்கிற கல்லறைத் தோட்டச் சுவரும் நிஜம்தான். அதைப் பார்த்துக்கொண்டே மேடையில் ‘மனச்சுவர்களை இடிப்போம்’ என்பது தப்பித்தல்.

எனவே போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரசங்கம் தயாரிக்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் துப்புரவுத் தொழிலாளியின் காதால் உங்கள் உருவகத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது அவரைக் கூனவைத்தால் அடித்துவிடுங்கள். அவருக்கு வெறும் ஆறுதல் மட்டுமே தந்தால், இன்னும் பாதி வேலை பாக்கி. எந்தச் சுவர், எந்த ஊரில், யார் இடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்குங்கள்.