சுவருக்குப் பின்னால் இருக்கும் தொட்டி

சென்னை மெரினாவில் 1909 அக்டோபர் 21 அன்று ஒரு மீன் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்படிப்பட்டது அதுவே முதல். வடிவமைத்தவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதிய ஏழு தொகுதிகளும் அதே ஆண்டில்தான் வெளிவந்தன. அந்தப் புத்தகத்துக்காக அவரை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம், திட்டுகிறோம், மீன்களை மறந்துவிட்டோம். எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னைவாசிகள் வைத்திருந்த பெயர் ‘செத்த காலேஜ்’. அதன் பொறுப்பில்தான் உயிருள்ள மீன்களைக் காட்டும் இடம் 1919 வரை இருந்தது. பிறகு மீன்வளத் துறை வாங்கிக்கொண்டது.

இன்று உளுந்தூர்பேட்டையில் புது வீடு கட்டும் ஒருவர், ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரோடு சுவராக ஆறடித் தொட்டி வேண்டும் என்று கேட்டால், அவர் கேட்பது பொதுக் காட்சியகங்களுக்காகப் பிறந்த ஓர் ஏற்பாட்டைத்தான்.

அந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு வரிக்கதை உண்டு. அங்கே கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கிக் கண்ணாடி மலிவானது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன் கூடம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் காஸ் எழுதிய புத்தகம் நடுத்தர வீடுகளுக்கெல்லாம் மீன் பித்து ஏற்றியது. வாங்கிவைத்த வேகத்தில் மீன்கள் செத்தன. வெயில் பட்டுத் தண்ணீர் சூடேறும், பாசி மண்டும்.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு. 1871இல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், பார்வையாளர் நிற்கும் கூடத்தை இருட்டாக விட்டார். வெளிச்சம் தொட்டிக்கு மேலிருந்து மட்டும் இறங்கியது. தொட்டிகளுக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில், அவற்றைவிடப் பெரிய இருட்டுத் தேக்கம். அதிலிருந்து கடல்நீரை இயந்திரம் ஓயாமல் மேலேற்றும், அது திரும்ப வழிந்து இறங்கும். நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் நிறுவிய ஆய்வு நிலையத்துக்கும் இதே முறை போனது. இன்று கடைக்காரர் தொட்டிக்கு அடியில் வைக்கச் சொல்லும் ‘சம்ப்’ வேறொன்றுமில்லை, லாய்டின் தேக்கம் சுருங்கி வந்ததுதான். காட்சி சுவருக்கு முன்னால், உயிர் சுவருக்குப் பின்னால்: இந்தப் பிரிவினை இல்லையென்றால் சுவர்த் தொட்டியே இல்லை.

வீட்டுக்குள் பெரிய தொட்டி வரக் காலம் பிடித்தது. பழைய தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம், மூலைகளில் மக்கு. உப்புநீர் பட்டால் துரு. 1960களில் சிலிக்கான் பசை புழக்கத்துக்கு வந்த பிறகே சட்டமில்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்ட முடிந்தது. தமிழ்நாட்டில் இப்படித் தொட்டி ஒட்டும் தொழிலும் மீன் வளர்ப்பும் சேர்ந்து செழித்த இடம் சென்னைக் கொளத்தூர். வீட்டுப் புழக்கடையிலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, பைட்டர், கோல்டு வளர்த்தவர்களால் எழுந்த சந்தை அது. ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீனை வெளியூருக்கு அனுப்புவது அங்கே அன்றாட வேலை. உளுந்தூர்பேட்டைக்கு இதில் ஒரு வசதி உண்டு: சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் அது. மீன் வந்து சேர்வது கடினமில்லை.

கடினம் எடையில் இருக்கிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி 24 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர், அதாவது 680 கிலோ. கண்ணாடியும் கல்லும் மணலும் ஸ்டாண்டும் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். நாலரை அங்குலச் சுவரை உடைத்து அதன் மேல் இதை உட்காரவைப்பது விபரீதம். சுவர் வெறும் சட்டகம்தான். பாரம் இரும்பு ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்க வேண்டும், திறப்புக்கு மேலே லிண்டல் வேண்டும். மாடி என்றால் பீம் எங்கே ஓடுகிறது என்று பொறியாளரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பல வீடுகளில் இதையெல்லாம் செய்துவிட்டுப் பின்பக்கத்தைப் பூசி மூடிவிடுகிறார்கள். பிறகு பாசி சுரண்டவும் பில்டர் கழுவவும் செத்த மீனை எடுக்கவும் வழியில்லாமல் ஆறே மாதத்தில் அந்த இடத்தில் டிவி வந்துவிடுகிறது. ஆகவே, சுவர்த் தொட்டி கேட்பவர்கள் மீனைத் தேர்ந்தெடுக்கும் முன்பே வரைபடத்தில் பின்புறம் ஆள் நின்று வேலை செய்ய ஓர் இடமும் கதவும், பிளக் பாயிண்டும், தண்ணீர் வெளியேற ஒரு குழாயும் போடச் சொல்ல வேண்டும்.